ஆஸ்பத்திரியில் சேரும் குழந்தையின் பயம்: சேர்வதற்கு முன்பிருந்து வீடு திரும்பும்வரை

முன்கூட்டியே நாள் குறித்த அறுவை சிகிச்சைக்காக 4 முதல் 8 வயதுக் குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்க்கப்போகும் பெற்றோருக்காக எழுதியது இது. உதாரணத்துக்கு டான்சில், அடினாய்டு (மூக்குக்குப் பின்னால் உள்ள சதை) அறுவையை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் 1 அல்லது 2 இரவு தங்கினால் போதும். குடலிறக்கம், உடைந்த எலும்பு, வேறு சிறு அறுவை என்றாலும் வரிசை இதேதான். திடீரென்று சேர்க்க நேர்ந்தால் என்ன செய்வது என்பது 11-ஆம் பகுதியில் இருக்கிறது.

குழந்தையின் பயத்தில் ஊசிக்கு உள்ள பங்கைவிட, சொல்லாமல் நடக்கும் காரியங்களுக்குப் பங்கு அதிகம். "ஊசி எல்லாம் கிடையாது" என்று வீட்டில் சொல்லிக் கூட்டிவந்து, பத்து நிமிடத்தில் நாலு பேர் கையைப் பிடித்தால், அந்தக் குழந்தைக்கு அதன்பிறகு அம்மா சொல்லும் எதுவும் காதில் ஏறாது. ஆகவே கீழே உள்ள எல்லாப் படிகளுக்கும் அடிப்படை ஒன்றுதான்: முதல் நாள் சொன்னது டிஸ்சார்ஜ் வரை பொய்யாகக் கூடாது.

1. முதலில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

குழந்தையிடம் பேசுவதற்கு முன்னால் டாக்டரிடமும் வார்டு சிஸ்டரிடமும் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பலர் இந்தப் படியைத் தாண்டிவிட்டு, பிறகு குழந்தை கேட்கும் கேள்விக்கு வாயில் வந்ததைச் சொல்லி மாட்டிக்கொள்கிறார்கள்.

• ரத்தப் பரிசோதனைக்கு எத்தனை முறை ஊசி குத்துவார்கள், என்றைக்கு?
• வென்ஃப்ளான் (மருந்து ஏற்றக் கை நரம்பில் வைக்கும் சிறு குழாய்) எப்போது, எந்த இடத்தில் வைத்துப் போடுவார்கள்? வார்டிலா, தனி அறையிலா? நீங்கள் கூட இருக்கலாமா?
• மயக்க மருந்தை முகத்தில் மாஸ்க் வைத்துக் கொடுப்பார்களா, வென்ஃப்ளான் வழியாகவா?
• ஓ.டி.க்குள் (அறுவை சிகிச்சை அறைக்குள்) அம்மா அல்லது அப்பா எதுவரை வரலாம்? கண் விழிக்கும்போது யார் பக்கத்தில் இருக்கலாம்?
• இரவு எத்தனை பேர் தங்கலாம்? அப்பா தங்க அனுமதி உண்டா?
• சாப்பாட்டை எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும், தண்ணீரை எத்தனை மணிக்கு?

கடைசிக்கு முந்தைய கேள்வியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் அட்டெண்டர் பாஸ் பெரும்பாலும் ஒருவருக்குத்தான் கிடைக்கும். பெண்கள் தங்கும் வார்டில் இரவு ஆண்களை விடமாட்டார்கள். அப்பாவோடுதான் தூங்குவேன் என்று பழகிய குழந்தைக்கு, அப்பாவை இரவு 8 மணிக்கு வெளியே அனுப்பும்போதுதான் விஷயம் தெரியவருவது பெரிய அடி. இரண்டு நாள் முன்பே தெரிந்தால் அம்மாவோடு தூங்கப் பழக்கிவிடலாம்.

2. எப்போது சொல்வது

மிகவும் முன்னால் சொன்னால் அந்தப் பயத்தைச் சுமந்துகொண்டே நாள் முழுக்கத் திரிவார்கள். மிகவும் தாமதித்தால் யோசிக்கவும் கேள்வி கேட்கவும் நேரம் இருக்காது. பொதுவான கணக்கு இது:

2, 3 வயது: முதல் நாள், மறுபடி அன்று காலை.
4 முதல் 6 வயது: 3 முதல் 5 நாள் முன்பு.
7 வயதுக்கு மேல்: ஒரு வாரம், 10 நாள் முன்பு.
12 வயதுக்கு மேல்: அறுவை என்று முடிவாகும்போதே. டாக்டரிடம் பேசும்போது அவர்களையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அதற்கு வேண்டியது தெரிந்த முகம், தெரிந்த வாசனை, தாய்ப்பால்.

முதல் பேச்சுக்குப் பகல் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். படுக்கப் போகும்போது சொன்னால் கேள்வியெல்லாம் கனவுக்குள் போய்விடும். ஐந்து நிமிடம் போதும். மீதியைக் குழந்தையே அடுத்தடுத்த நாளில், சோறு ஊட்டும்போதோ வண்டியில் போகும்போதோ கேட்கும்.

3. எந்த வார்த்தையில் சொல்வது

நாலைந்து வயதில் நோய் என்பது தண்டனை. ஐஸ்கிரீம் சாப்பிட்டதால், சொன்ன பேச்சு கேட்காததால் இப்படி ஆயிற்று என்று குழந்தை தானாகவே முடிவு செய்துகொள்ளும். நம் வீடுகளில் அதற்கு உரமும் போட்டு வைத்திருக்கிறோம்: "சாப்பிடலேன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்." இந்த மிரட்டலை வீட்டில் யார் சொன்னாலும் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். தாத்தா, பாட்டி, பக்கத்து வீட்டு அத்தை எல்லோருக்கும் சேர்த்துத்தான்.

ஆகவே முதல் வாக்கியம் இதுவாக இருக்கட்டும்: "நீ எந்தத் தப்பும் பண்ணல. உன் தொண்டையில ரெண்டு சதை பெருசாயிருக்கு. அதனாலதான் ராத்திரி மூச்சு விடக் கஷ்டப்படுற, அடிக்கடி காய்ச்சல் வருது. அதை எடுத்துட்டா சரியாயிடும்."

அடுத்தது நடக்கப்போகும் வரிசை. கண்ணால் பார்ப்பது, காதால் கேட்பது, உடம்பில் உணர்வது என்று சொன்னால் குழந்தைக்குப் பிடிபடும். "கையில சின்னதா ஒரு குழாய் வைப்பாங்க. வைக்கும்போது சுருக்குன்னு வலிக்கும். நான் பத்து எண்றதுக்குள்ள போயிடும். அப்புறம் சக்கரம் வச்ச கட்டில்ல படுக்க வச்சு ஒரு ரூமுக்குக் கூட்டிட்டுப் போவாங்க. அங்க எல்லாரும் பச்சை டிரஸ் போட்டு வாயை மூடியிருப்பாங்க. ஏசி நல்லா குளிரும்."

கவனமாகக் கையாள வேண்டிய சொற்கள் சில உண்டு.

மயக்கம்: குழந்தைக்குத் தெரிந்த மயக்கம் பள்ளியில் பிரேயரின்போது ஒரு பிள்ளை தொப்பென்று விழுந்தது. "தூங்க வச்சிடுவாங்க" என்று மட்டும் சொன்னால் வேறு பயம் வரும்: நான் நடுவில் முழித்துக்கொண்டால்? வீட்டில் தூங்கும்போது இப்படிச் செய்துவிட்டால்? "மருந்துத் தூக்கம்" என்று தனிப் பெயர் வையுங்கள். "வீட்ல தூங்குற மாதிரி இல்ல இது. தொட்டாலும் தெரியாது, வலிக்காது, நடுவுல முழிப்பு வராது. அதுக்குன்னே ஒரு டாக்டர் முழு நேரமும் உன் தலைமாட்டுலயே இருப்பாங்க. வேலை முடிஞ்சதும் அவங்க மருந்தை நிறுத்துவாங்க, நீ முழிச்சுக்குவ."

வெட்டுவது, அறுப்பது: இந்த இரண்டும் வேண்டாம். "எடுத்துடுவாங்க", "சரிபண்ணுவாங்க" போதும். ஐந்து வயதில் உடம்பு ஒரு தண்ணீர்ப் பையைப் போல. ஓட்டை விழுந்தால் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும் என்று நம்பும் வயது. டான்சிலை வாய் வழியாகவே எடுப்பார்கள், வெளியே தழும்போ தையலோ இருக்காது என்று சொல்லிவிடுங்கள். பல குழந்தைகள் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருப்பது இந்தப் பயத்தால்தான்.

வலிக்கவே வலிக்காது: மிக அதிகமாகச் சொல்லப்படும் பொய் இதுதான். "வலிக்கும், ஆனா கொஞ்ச நேரம்தான், அதுக்கு மருந்து இருக்கு" என்ற மூன்று துண்டும் சேர்ந்தே வரவேண்டும். முதல் துண்டை மட்டும் சொல்லி நிறுத்துவதும் தவறுதான்.

தெரியாததைக் கேட்டால் "தெரியல, நாளைக்கு டாக்டர்கிட்ட கேட்டு எழுதிட்டு வருவோம்" என்று சொல்லி, உண்மையாகவே ஒரு நோட்டில் எழுத வையுங்கள். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது அந்த நோட்டைக் குழந்தையே நீட்டட்டும். வார்டில் அதற்கு ஒரு வேலை கிடைத்துவிடும், டாக்டரும் உங்களைவிட்டுக் குழந்தையிடம் பேச ஆரம்பிப்பார்.

4. விளையாடிப் பழக்குவது

பேச்சு பாதிதான் உள்ளே போகும். மீதியைக் கைதான் கற்றுக்கொள்ளும். தேவையானவை: பொம்மை ஒன்று, ஊசி இல்லாத 5 மி.லி. சிரிஞ்சு, கொஞ்சம் பஞ்சு, மைக்ரோபோர் பிளாஸ்டர், நெபுலைசர் மாஸ்க் ஒன்று. எல்லாம் மருந்துக்கடையில் கிடைக்கும்.

முதல் நாள் நீங்கள் எதையும் செய்துகாட்ட வேண்டாம். பொருட்களைப் பாயில் பரப்பிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். குழந்தைதான் டாக்டர். பொம்மைக்கு இருபது ஊசி போட்டாலும், அடித்துத் திட்டினாலும் தடுக்காதீர்கள்; மனதுக்குள் இருப்பது வெளியே வருவது அப்படித்தான். பொம்மை என்ன சொல்கிறது என்று மட்டும் கேளுங்கள். "அம்மா எங்கேன்னு அழுது" என்று பதில் வந்தால், குழந்தை பயப்படுவது தனியாக விடப்படுவதற்கு என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

இரண்டாம் நாள் வரிசையை விளையாடுங்கள்: பொம்மை குளிக்கிறது, சாப்பிடாமல் இருக்கிறது, கையில் பிளாஸ்டர், மாஸ்க், தூக்கம், முழிப்பு, வீடு. மாஸ்க்கைக் குழந்தை தன் கையாலேயே பிடித்து முகத்தில் வைத்து, பலூன் ஊதுவதுபோல் ஐந்து முறை மூச்சை இழுத்து விடட்டும். மயக்க வாயுவுக்கு மார்க்கர் பேனாவைப்போல ஒரு வாடை உண்டு என்பதையும் முன்பே சொல்லுங்கள். எதிர்பாராத வாடை வந்ததும் மாஸ்க்கைப் பிடுங்கி எறிவது சர்வசாதாரணம்.

ஊசி உள்ள சிரிஞ்சை, மூடி போட்டிருந்தாலும், விளையாடக் கொடுக்காதீர்கள்.

5. பையில் என்ன வைப்பது

ரிப்போர்ட், காப்பீட்டு அட்டை எல்லாம் எப்படியும் எடுத்துவைப்பீர்கள். பலர் மறப்பது குழந்தையின் சாமான்களைத்தான். துவைக்காத பழைய தலையணை உறை அல்லது போர்வை (வீட்டு வாசனை அதில்தான் இருக்கும்), அந்தப் பொம்மை, வீட்டில் குடிக்கும் டம்ளர், ஏற்கெனவே நூறு முறை பார்த்த வீடியோக்கள் இறக்கிவைத்த போன், சோப்புக் குமிழ் ஊதும் குப்பி. புதுப் பொம்மை வாங்கினால் ஒன்றே ஒன்று போதும், அதையும் அறுவை முடிந்த மறுநாள்தான் வெளியே எடுக்க வேண்டும். அன்றைக்குத்தான் சலிப்பும் வலியும் சேர்ந்து வரும்.

நம் ஊருக்கே உரிய ஒரு விஷயம்: அரைஞாண் கயிறு, தாயத்து, கொலுசு, வளையல், கழுத்துச் செயின். ஓ.டி.க்குள் இவை எதுவும் போகக்கூடாது. ரத்தக் கசிவை நிறுத்தப் பயன்படுத்தும் மின்கருவியால் உலோகம் பட்ட இடத்தில் தோல் சுட்டுப்போகலாம். வீட்டில் கழற்றாமல் வந்தால் ஓ.டி. வாசலில் கத்தரிக்கோலால் வெட்டுவார்கள். பிறந்ததிலிருந்து இடுப்பில் கிடந்த கயிற்றை யாரோ வெட்டும்போது குழந்தை வீரிட்டு அழும், பார்க்கிற பாட்டியும் அழுவார். முதல் நாள் மாலை வீட்டில் வைத்து, குழந்தையின் கையாலேயே கழற்றி ஒரு டப்பாவில் போடுங்கள்; திரும்பி வந்ததும் கட்டிக்கொள்ளலாம். கோயில் கயிற்றை அம்மா கையில் கட்டிக்கொள்ளலாம். நகப்பூச்சை அழித்துவிடுங்கள், விரலில் மாட்டும் ஆக்சிஜன் கிளிப் அதனால் தவறாகக் காட்டும். அந்த வாரம் விரலுக்கு மருதாணியும் வேண்டாம்.

6. வென்ஃப்ளான்: முழுக் கவனமும் இங்கே

தங்கும் நாட்களில் குழந்தை பெரிதும் பயப்படுவது இந்த ஐந்து நிமிடத்துக்குத்தான். இது நன்றாக நடந்தால் மற்றதெல்லாம் எளிது. கெட்டுப்போனால் வெள்ளைக் கோட்டு தெரிந்தாலே அழுகை.

மரத்துப்போக வைக்கும் களிம்பு. லிடோகைன், பிரிலோகைன் இரண்டும் 2.5% வீதம் கலந்த களிம்பு ஒன்று இருக்கிறது. போட வேண்டுமா, எவ்வளவு என்பதை டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். தேய்த்துவிடாமல் புறங்கையில் கெட்டியாக வைத்து, மேலே ஒட்டும் பிளாஸ்டிக் தாளால் மூடி, குறைந்தது 60 நிமிடம் விடவேண்டும். பத்து நிமிடத்தில் எடுத்துவிட்டு "இது வேலை செய்யல" என்பவர்கள்தான் அதிகம். முதல் இடத்தில் நரம்பு கிடைக்காமல் போகலாம் என்பதால் இரண்டு கையிலும் போடச் சொல்லிக் கேளுங்கள். எடுத்ததும் தோல் வெளுத்திருக்கும், நரம்பு சற்றுச் சுருங்கியிருக்கும். 5 முதல் 10 நிமிடம் விட்டுப் போட்டால் எளிது. சின்னக் குழந்தைக்கு அளவு கூடினால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறையும். ஆகவே வீட்டில் நீங்களாகப் போடாதீர்கள்.

கை. எழுதும் கையையும், விரல் சூப்பும் கையையும் விட்டுவிடச் சொல்லுங்கள். விரல் சூப்பிச் சமாதானமாகும் குழந்தைக்கு அந்தக் கையில் அட்டை வைத்துக் கட்டிவிட்டால் இரவு முழுக்கத் தூக்கமில்லை.

உட்காரும் விதம். மல்லாக்கப் படுக்கவைத்து நாலு பேர் அமுக்கினால், ஊசி குத்தும் முன்பே பயம் உச்சிக்குப் போய்விடும். உங்கள் மடியில், உங்கள் நெஞ்சைப் பார்த்து, இரண்டு காலையும் உங்கள் இடுப்பைச் சுற்றிப் போட்டு உட்காரவையுங்கள். ஒரு கை உங்கள் அக்குளுக்குக் கீழே முதுகைச் சுற்றியிருக்கும். வென்ஃப்ளான் போடும் கை உங்கள் பின்பக்கமாக மேஜைமேல் நீட்டியிருக்கும். அந்த முழங்கையை ஒரு சிஸ்டர் பிடித்துக்கொள்வார். உங்கள் வேலை அணைப்பது மட்டும், அமுக்குவது வேறொருவர் வேலை. 7, 8 வயதுப் பிள்ளை உங்கள் நெஞ்சில் முதுகைச் சாய்த்து உட்காரலாம். இப்படிப் போட வசதிப்படுமா என்று முன்பே கேளுங்கள். "கையை ஆட்டாம நான் பார்த்துக்குறேன் சிஸ்டர்" என்று சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

கவனத்தைத் திருப்புவது. சோப்புக் குமிழ் ஊதுவது எல்லாவற்றையும்விட நன்றாக வேலை செய்யும். ஊத வேண்டுமென்றால் மூச்சை இழுத்து மெதுவாக விட்டே ஆக வேண்டும். உடம்பு தானாகத் தளரும். குப்பி இல்லையென்றால் உங்கள் விரலையே மெழுகுவத்தியாக வைத்து ஊதச் சொல்லுங்கள். பேசுபவர் ஒருவராக இருக்கட்டும். அம்மா ஒருபக்கம் "பாக்காத", அப்பா ஒருபக்கம் "ஒண்ணுமில்ல", பாட்டி ஒருபக்கம் "முருகா" என்றால் குழந்தை யாரைக் கேட்கும்?

விருப்பத்தை விடுவது. உண்மையாகவே தேர்ந்தெடுக்கக்கூடியதை மட்டும் கேளுங்கள்: இந்தக் கையா அந்தக் கையா, பார்க்கிறாயா திரும்பிக்கொள்கிறாயா, யார் மடி. "போட்டுக்கலாமா?" என்று கேட்காதீர்கள். வேண்டாம் என்று சொன்ன பிறகு போட்டால் கேட்டதே ஏமாற்று என்றாகிவிடும்.

அழுகை. "பெரிய பையன் அழலாமா?" வேண்டாம். "அழுதுக்கோ, கையை மட்டும் கல்லு மாதிரி வச்சுக்கோ." அழுவதற்கும் ஆடாமல் இருப்பதற்கும் சம்பந்தமில்லை; கேட்க வேண்டியது இரண்டாவதை மட்டும். சின்னப் பரிசு கொடுப்பதாக இருந்தால் முடிந்ததற்காகக் கொடுங்கள், அழாததற்காக அல்ல.

போட்ட பிறகு. இதைத் தவறாமல் சொல்லுங்கள்: ஊசி வெளியே வந்துவிட்டது, உள்ளே இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் குழாய் மட்டும். சிஸ்டரிடம் கேட்டு, பயன்படுத்தாத வென்ஃப்ளானில் ஊசியை உருவி அந்தக் குழாயைத் தள்ளி நின்று காட்டச் சொல்லுங்கள். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் மஞ்சள் நிறமோ நீல நிறமோ உள்ளதைப் போடுவார்கள்; மஞ்சளில் குழாய் மிக மெல்லியது. கையை மரக்கட்டையாக வைத்துக்கொண்டு, சாப்பிடக்கூட மறுத்து உட்கார்ந்திருக்கும் குழந்தைகளில் பலர் ஊசி உள்ளேயே குத்திக்கொண்டிருக்கிறது என்று நம்புகிறார்கள். குழாயைப் பார்த்ததும் விரல் ஒவ்வொன்றாக அசையத் தொடங்கும்.

அரை மணி நேரம் கழித்து நடந்ததைத் திரும்பக் கதையாகச் சொல்லுங்கள்: "நீ அழுத, ஆனா கையை ஆட்டவே இல்ல. குமிழ் ஆறு ஊதின, அதுக்குள்ள முடிஞ்சுது." அடுத்த ஊசிக்கு மனதில் நிற்கப்போவது இந்தக் கதைதான்.

இரண்டு முறை குத்தியும் கிடைக்கவில்லை என்றால் சிறிது இடைவெளி கேளுங்கள், அனுபவமுள்ள வேறொருவர் வரட்டும் என்று பணிவாகக் கேளுங்கள். அது உங்கள் உரிமை, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

7. சாப்பிடாத நேரம்

மயக்க மருந்துக்கு எத்தனை மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும் என்பதற்கு வழக்கமான கணக்கு: சோறு, இட்லி, பால், கஞ்சி எல்லாவற்றுக்கும் 6 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4, தெளிந்த தண்ணீருக்கு 2. சில இடங்களில் தண்ணீருக்கு 1 மணி நேரம் போதும் என்பார்கள். உங்கள் மயக்க மருந்து டாக்டர் சொல்வதே இறுதி. மயக்கத்தில் வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து. "பால் மட்டும்தானே" என்று பாட்டி அரை டம்ளர் கொடுத்ததால் அறுவை தள்ளிப்போவது அடிக்கடி நடக்கிறது. கொடுத்துவிட்டால் மறைக்காதீர்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. இரவு 9 மணியிலிருந்து தண்ணீர்கூடக் கொடுக்காமல், மதியம் 12 மணிக்கு அறுவைக்குக் கூட்டிவருவது. தொண்டை வறண்ட குழந்தையின் பிடிவாதத்தைப் பயம் என்று நினைத்துக்கொள்வார்கள். நரம்பும் வற்றிப்போய் வென்ஃப்ளான் போடவும் சிரமம். கடைசித் தண்ணீருக்கு உங்கள் போனில் அலாரம் வையுங்கள்.

குழந்தையின் முன்னால் நீங்களும் காபி குடிக்காதீர்கள்.

8. ஓ.டி. வாசல்

சில இடங்களில் 20, 30 நிமிடம் முன்பே மிடாசோலம் என்ற, பதற்றத்தைத் தணிக்கும் மருந்தைக் கொடுப்பார்கள். அதன்பிறகு குழந்தை தள்ளாடும், குழறும், காரணமில்லாமல் சிரிக்கும். கீழே இறக்கி நடக்கவிடாதீர்கள்.

வாசலில் பிரியும் நேரம் சுருக்கமாக இருக்க வேண்டும். ஒரு முத்தம், ஒரு வாக்கியம்: "நீ முழிக்கும்போது அம்மா இருப்பேன்." ஆனால் கண் விழிக்கும் அறைக்குள் உங்களை விடுவார்களா என்று 1-ஆம் படியில் கேட்டிருப்பீர்கள், விடமாட்டார்கள் என்றால் அந்த வாக்கியத்தைச் சொல்லக்கூடாது. "முழிச்சதும் ஒரு சிஸ்டர் இருப்பாங்க, அவங்க உன்னை என்கிட்ட கூட்டிட்டு வருவாங்க" என்பதே சரி. பொம்மையை உள்ளே விடுவார்களா என்று கேளுங்கள். பலரும் மறுப்பதில்லை.

உங்களை உள்ளே அனுமதித்தால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். மாஸ்க் வைத்து ஒன்றிரண்டு நிமிடத்தில் குழந்தையின் கண் மேலே செருகலாம், கைகால் உதறலாம், குறட்டை வரலாம். எல்லாம் இயல்பு, குழந்தைக்கு அப்போது ஒன்றும் தெரியாது. இதைப் பார்க்கத் தாங்காதவர் உள்ளே போக வேண்டாம். அம்மா முடியாது என்றால் சித்தியோ அப்பாவோ போகட்டும். அழுதுகொண்டே கூட வருபவரைவிட அமைதியாக வருபவர் நல்லது.

9. கண் விழிக்கும் நேரம்

இதற்குத் தயாராக இல்லாத பெற்றோர்தான் மிகவும் பதறுகிறார்கள். சுமார் 2 முதல் 6 வயதுவரை உள்ள குழந்தைகளில் சிலர், மயக்கம் தெளியும்போது கத்தி, உதைத்து, வென்ஃப்ளானைப் பிடுங்கப் பார்ப்பார்கள். அம்மாவையே தெரியாததுபோல் தள்ளுவார்கள். மூளை முழுதாக விழிப்பதற்குள் உடம்பு விழித்துவிட்ட நிலை இது. பெரும்பாலும் 10 முதல் 30 நிமிடத்தில் அடங்கிவிடும். பிறகு குழந்தைக்கு நினைவிருக்காது.

அப்போது செய்ய வேண்டியது குறைவு. தலை இடிக்காமல், கைக்குழாய் கழன்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாழ்ந்த குரலில் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்: "அம்மா இங்கதான் இருக்கேன், முடிஞ்சுது." கேள்வி வேண்டாம், போட்டோ வேண்டாம், வீடியோ காலில் மாமாவைக் காட்ட வேண்டாம். வலியாலும் இப்படி இருக்கலாம் என்பதால் சிஸ்டரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

10. வலியும் இரவும்

வலி இருந்தும் இல்லை என்று தலையாட்டும் குழந்தைகள் நிறைய. "வலிக்குதுன்னு சொன்னா இன்னொரு ஊசி போடுவாங்க" என்பது அதன் கணக்கு. வலி மருந்து சிரப்பாகவோ ஏற்கெனவே இருக்கும் குழாய் வழியாகவோதான் வரும் என்று டாக்டரிடம் உறுதி செய்துகொண்டு குழந்தையிடம் சொல்லுங்கள். "வலிக்குதா?" என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டால் வலியே நினைப்பாகிவிடும். சிரிக்கும் முகத்திலிருந்து அழும் முகம்வரை ஆறு முகம் ஒரு தாளில் வரைந்து, மருந்துக்கு முன்னும் பின்னும் எது என்று தொடச் சொல்லுங்கள். அசையாமல் சுருண்டு படுத்திருப்பதும், எச்சில் விழுங்காமல் வாயில் தேக்குவதும் வலியின் அடையாளங்கள்.

டான்சிலில் மருந்தை வலி வந்தபின் கொடுப்பதைவிட டாக்டர் எழுதிய நேரப்படி தவறாமல் கொடுப்பது முக்கியம். மருந்து கொடுத்து அரை மணி நேரம் கழித்துச் சாப்பாடு. முதல் வாய் வலித்தால் அடுத்த வாய்க்குப் பயம், குடிக்காவிட்டால் தொண்டை வறண்டு வலி கூடும் என்று சுற்றிச் சுற்றி வரும்.

இரவுக்கு முன், வெளிச்சம் இருக்கும்போதே வார்டைச் சுற்றிக்காட்டுங்கள். டிரிப்ஸ் முடிந்தால் பீப் அடிக்கும், நடுராத்திரி சிஸ்டர் டார்ச் அடித்துக் காய்ச்சல் பார்ப்பார்கள், பக்கத்துக் கட்டில் பாப்பா அழும், பாத்ரூமுக்கு டிரிப்ஸ் கம்பத்தைத் தள்ளிக்கொண்டு போகலாம். கேட்டுப் பழகிய ஓசை பயமுறுத்தாது. நீங்கள் டீ வாங்கப் போவதாக இருந்தால், தூங்கும் குழந்தையானாலும், போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் நழுவினால் அடுத்து உங்கள் புடவையை விடாது.

பார்க்க வருபவர்களைக் கட்டுப்படுத்துங்கள். "ஐயோ, எப்படி வாடிப்போச்சு பாரு" என்று கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பேசுவதைவிடக் கெடுதல் வேறில்லை. டாக்டரிடம் கவலையான கேள்வி கேட்க வேண்டுமென்றால் வெளியே போய்க் கேளுங்கள். தூங்குவதுபோல் கிடக்கும் குழந்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கும்.

11. திடீரென்று சேர்க்க நேர்ந்தால்

நாள் கணக்கில் தயார் செய்ய முடியாதபோது மூன்று காரியம் போதும். தொட்டுக்கொண்டே இருங்கள். அடுத்து நடக்கப்போகும் ஒன்றை மட்டும், நடப்பதற்கு ஒரு நிமிடம் முன்பு சொல்லுங்கள். முடிந்ததும் "இது முடிஞ்சுது" என்று சொல்லுங்கள். ஐ.சி.யூ.வில் குழந்தைக்கு முழுப் பிரக்ஞை இல்லாவிட்டாலும் குரல் கொடுத்துப் பேசுங்கள். உள்ளே போகுமுன், எங்கெங்கே குழாய் இருக்கிறது என்று சிஸ்டரிடம் கேட்டுக்கொண்டு போனால் உங்கள் முகம் அதிர்ச்சியைக் காட்டாது. விளையாட்டும் பேச்சும் ஆபத்து கடந்தபிறகு.

12. வீட்டுக்கு வந்தபிறகு

டான்சில் வலி 3-ஆம் நாளிலிருந்து ஒரு வாரம்வரை கூடும், பிறகு குறையும். காதும் வலிக்கும். தொண்டையில் வெள்ளையாகப் படலம் தெரியும், வாய் நாறும், சில வாரம் மூக்கால் பேசுவதுபோல் குரல் மாறலாம். இதெல்லாம் வரும் என்று டிஸ்சார்ஜ் அன்றே குழந்தையிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் "மறுபடி ஆபரேஷன் பண்ணணுமோ" என்று பயந்து வலியை மறைக்கும். புது ரத்தம் சிவப்பாக வந்தால் மட்டும், கொஞ்சமாக இருந்தாலும், உடனே ஆஸ்பத்திரி. முதல் 24 மணி நேரமும், 5 முதல் 10-ஆம் நாள்வரையும் கவனம் அதிகம் தேவை. எச்சிலில் சிவப்பு தெரிந்தால் உடனே வந்து சொல்ல வேண்டும், யாரும் திட்டமாட்டார்கள் என்று குழந்தைக்கும் சொல்லிவையுங்கள்.

படுக்கையில் சிறுநீர் போவது, தனியாகத் தூங்க மறுப்பது, கெட்ட கனவு, சின்னதற்கெல்லாம் கோபம் ஆகியவை இரண்டு மூன்று வாரம் இருக்கலாம். திட்டவும் வேண்டாம், புதிதாகச் செல்லம் கொடுத்து எல்லா விதியையும் தளர்த்தவும் வேண்டாம். சாப்பாடு, தூக்கம், குளியல் பழைய நேரத்துக்கு வந்தால் மற்றவை தானாகப் பின்னால் வரும். ஒரு மாதம் தாண்டியும் தூக்கம் கெட்டிருந்தால், பள்ளிக்குப் போக மறுத்தால், குழந்தை நல மருத்துவரிடம் சொல்லுங்கள். டெலி மானஸ் 14416 எண்ணில் தமிழிலும் மனநல ஆலோசனை கிடைக்கும்.

பொம்மையையும் சிரிஞ்சையும் பரணில் போட்டுவிடாதீர்கள். இப்போதுதான் அதற்கு நிஜமான வேலை: குழந்தை நடந்ததையெல்லாம் பொம்மைக்குச் செய்துபார்க்கும், முன்பு விளையாடியதில் இல்லாத ஒன்றிரண்டு காட்சிகள் அதில் புதிதாக வரும். நீங்கள் பார்க்காத, ஓ.டி.க்குள் நடந்த ஏதோ ஒன்று அங்கேதான் தெரியவரும்.

மறுபரிசோதனைக்குப் போகும் நாளில் கிளம்பும்போதே "ஊசி உண்டா?" என்ற கேள்வி வரும். முதல் நாளே போன் செய்து கேட்டு வைத்திருங்கள்.